குறைவு: பதினொன்று

கல்கிசையில் கல்யாணம் முடிந்து
ஒன்றரை மணிக்குக் கொட்டாஞ்சேனை வந்து
படிக்கட்டிலேயே பெட்டியைக் கவிழ்த்து எண்ணுகிறோம்.
போனது அறுபத்திரண்டு.
வந்தது ஐம்பத்தொன்று.

றிஸ்மியா பெயர் வாசிக்கிறாள், நான் கோடு போடுகிறேன்.
குச்சி மீசை ஏழு. மூன்றுதான் இருக்கிறது,
அதில் ஒன்றை யாரோ கடித்திருக்கிறார்கள்.
கண்ணாடியில் நாலு இல்லை.
சிவப்பு இறகு மாலை இல்லை.
ஊதுகிற கிற்றார். இருக்கிறது, காற்றில்லை.
'மாப்பிள்ளை என் பொறுப்பு' பலகை இல்லை.
மஞ்சள் தொப்பி.
மஞ்சள் தொப்பி?
பெட்டியின் அடியில் கை விட்டுத் துழாவினால்
ஒரு லட்டு கிடைக்கிறது, கடதாசியோடு.

திருட்டு என்று சொல்ல வாய் வரவில்லை.
பட்டுச்சேலை மாமிமார் கைப்பையில் வைத்துப் போவதற்கு
வேறு ஏதாவது பெயர் இருக்கவேண்டும்.
பிள்ளை அழுதது, கொடுத்துவிட்டேன் என்பார்கள்.
ஞாபகத்துக்கு என்பார்கள்.
ஞாபகத்துக்குத்தானே படம் அடித்துக் கொடுத்தோம்,
ஆளுக்கு இரண்டு பிரதி,
டொலர் ஏறும்போதெல்லாம் கூடவே ஏறி
டொலர் இறங்கும்போது இறங்க மறந்துவிடுகிற கடதாசியில்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று.
முற்பணத்தில் இரண்டாயிரம் பிடித்தோம்.
பெண்ணின் தகப்பன் போன் எடுத்து
"தங்கச்சி, ஒரு தொப்பிக்கா?" என்றார்.
அந்தக் குரலுக்காகவே திருப்பி அனுப்பினோம்.
நூல் கட்டி மேசையோடு பிணைத்தோம்.
கேக் வெட்டிய கத்தியாலேயே அறுத்திருந்தார்கள்,
நூல் நுனியில் ஐசிங்.
பிறகு நாங்களே மட்டையில் வெட்டினோம்,
கோணல் கிரீடம், கோணல் மூக்கு.
அந்த மாதம் ஒன்றும் காணாமல் போகவில்லை.
ஒருவரும் தொடவுமில்லை.
வரிசையே இல்லாத கமராவுக்கு முன்னால்
நானும் றிஸ்மியாவும் நின்று
எங்களையே படம் பிடித்தோம், நாற்பது தரம்.
ரிப்பன் காசு எங்கள் கணக்கில்.

அன்றைக்குத்தான் விளங்கியது,
போகிற சாமான்தான் படத்தில் சிரிக்கிற சாமான்.
இப்போது எங்கள் விலைப்பட்டியலில்
'மேசை அலங்காரம்' என்று ஒரு வரி இருக்கிறது,
நாலாயிரத்து ஐந்நூறு.
மேசையில் அலங்காரம் எதுவும் கிடையாது.
அது மீசைக்கு.

கமராவுக்கு எல்லாம் தெரியும்.
பத்து நாற்பத்திரண்டு: தொப்பி மாப்பிள்ளைத் தோழன் தலையில்.
பத்து ஐம்பது: ஒரு கிழவரின் வழுக்கையில், வெகு பொருத்தம்.
பதினொன்று பதினைந்து: ஒரு சின்னப் பையன்,
தொப்பிக்குக் கீழே நாடி மட்டும் தெரிகிறது.
அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் மஞ்சள் இல்லை.
பெரிதாக்கிப் பார்த்தோம், அந்த நாடியில் ஒரு தழும்பு.
நாடியை வைத்து யாரிடம் போய்க் கேட்பது?

ஞாயிறு, கொள்ளுப்பிட்டியில் பென்டிரைவ் கொடுத்துவிட்டு
காலிமுகத்திடலில் இறால் வடைக்கு நின்றோம்.
காற்றாடி விற்கிறவன் தலையில் மஞ்சள்.
"எங்கடதா?" என்றாள்.
சிங்களத்தில் கேட்டு வாங்கி உள்ளே பார்த்தேன்.
மார்க்கரில் பதினேழு, அவளுடைய கையெழுத்து,
ஏழுக்கு நடுவில் அந்தச் சின்னக் கோடு.
எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.
அவனும் ஏன் பார்க்கிறாய் என்று கேட்கவில்லை.
முந்நூறு என்றான்.
புறக்கோட்டையில் புதுசு எண்ணூற்றைம்பது.
இருநூற்றைம்பதுக்கு முடித்தாள் றிஸ்மியா.
கழற்றித் தந்துவிட்டு
வியர்வையில் ஒட்டிய முடியைக் கோதிக்கொண்டு
வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான்.

நூறாம் நம்பர் பஸ்ஸில் சண்டை.
செலவில் எழுது என்றேன் நான்.
அறுநூறு லாபம், வரவில் எழுது என்றாள் அவள்.
புறக்கோட்டையில் இறங்கும்வரை முடியவில்லை,
கொப்பியில் அந்த வரி இன்னும் வெறுமை.

வெள்ளிக்கிழமை தெகிவளையில் ஒரு சாமத்தியவீடு.
தொப்பியைத் துவைத்துக் காயவைத்து
பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தோம்,
கைக்கு எட்டுகிற மாதிரி.